ஏழாம் லயத்து டீச்சருக்கு ஒரு பாட்டு

எங்கள் வீட்டில் முப்பத்துநான்கு வருடமாக ஒரே ஒரு சண்டைதான். மற்றச் சண்டைகள் வரும், போகும். உப்பு, பிள்ளைகள், பஸ்ஸைத் தவறவிட்டது, அவருடைய தம்பி என்று எதிலாவது தொடங்கி ஒரு பிளேன்டீயோடு அடங்கிவிடும். இது மட்டும் அடங்காது. கல்யாணத்துக்கு முன்னால் திருவிழாவில் அவர் எனக்காகப் போட்ட பாட்டு எது என்பதுதான் அந்தச் சண்டை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஹாலிஎலக்காரியான என்னை மடுல்சீமையில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கக் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். தோட்டத்து ஆட்களின் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டியிருக்கிற லயங்களில், ஏழாம் லயத்தில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவுக்குப் பசறையிலிருந்து ரேடியோ செட் வந்தது. சவுக்கு மரத்தில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டி, தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரிலிருந்து கரண்ட் இழுத்து, மூன்று நாள் காதைக் கிழித்தார்கள். கேசட் வந்துவிட்ட காலம்தான். ஆனால் அந்தச் செட்டுக்காரர் இசைத்தட்டைவிட்டு இறங்கிவர மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார்.

யாருக்காவது பாட்டுப் போட வேண்டுமென்றால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். செட்டுக்காரர் அதை மைக்கில் வாசித்துவிட்டுப் பாட்டைப் போடுவார். துண்டில் தங்கள் பேரை எழுதுகிறவர்கள் கங்காணிமாரும் கல்யாணமானவர்களும்தான். இளவட்டங்கள் எழுத மாட்டார்கள். பேர் வெளியே வந்தால் பெண்ணின் அண்ணன்மார் அந்தச் சவுக்கு மரத்திலேயே, குழாய்க்குப் பக்கத்தில், ஆளையும் கட்டிவிடுவார்கள். அதனால் செட்டுக்காரர் "பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் அன்பர்" என்று இழுத்து வாசிப்பார். தோட்டம் முழுக்க அன்பர்கள்தான், ஓர் ஆளுக்கும் பேர் கிடையாது.

இரண்டாம் நாள் மத்தியானம் நான் சித்தி வீட்டு வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். "ஏழாம் லயத்து டீச்சருக்காக, பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் அன்பர்" என்று குழாய் கத்தியது. எனக்குக் கை நின்றுவிட்டது. வீணை தொடங்கியது. பிறகு ஒரு பெண் குரல், தனியாக, அவசரமே இல்லாமல் பாடியது. சித்தி உள்ளேயிருந்து வந்து, "யாருடி அது?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் சந்தோஷமாக இருந்தது. மிகவும் சந்தோஷமாக இருந்தது. இதை எதற்கு மறைப்பது?

அடுத்த கிழமை ஸ்டோரில் கொழுந்து உருட்டுகிற ரோலர் பக்கம் வேலை செய்யும் ஒருவர் பள்ளிக்கூடத்துப் பாதையில் வந்து நின்றார். நெடுநெடுவென்று உயரம், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல ஒரு மௌனம். "திருவிழாவுல ஒங்களுக்குப் பாட்டுக் குடுத்தது நான்தாங்க" என்று சொன்னார். சொல்லிவிட்டு ஓடாமல் நின்றார். அந்த நிற்பு எனக்குப் பிடித்துப்போயிற்று. கல்யாணமும் நடந்தது.

நடந்து மூன்று மாதமிருக்கும். ஒருநாள் விறகு பிளந்துகொண்டே அவர் ஏதோ முனகினார். என்ன பாட்டு என்று கேட்டேன். "என்ன இப்பிடிக் கேக்குற? நான் ஒனக்குக் குடுத்த பாட்டுல்ல இது!" என்றார். அது ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுகிற பாட்டு. நான் கேட்டது பெண் தனியாகப் பாடியது.

"இது இல்லயே" என்றேன்.

"இதுதான்" என்றார்.

அன்றைக்குப் பிடித்ததுதான். வாய் சும்மா இருக்குமா எனக்கு? "அப்பன்னா அது வேற யாரோ குடுத்தது. யாரோ போட்ட பாட்டுக்கு நீங்க வந்து மாலையைப் போட்டுட்டீங்க" என்று சிரித்தேன். அவரும் அப்போது சிரித்தார். அதனால் மறுபடியும் சொன்னேன். பிள்ளைகளிடம் சொன்னேன், பக்கத்து வீட்டில் சொன்னேன், ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் கொழுத்துக்கொண்டே போனது. தோட்டத்து ஆபீஸில் அழகான கிளாக்கர் ஒருவர் இருந்தார் என்றும், அவர் என்னைப் பார்க்கிற பார்வை ஒரு மாதிரி என்றும் எப்போது சேர்த்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை. அந்த மனிதர் என்னிடம் பேசியதே இரண்டு தடவைதான், இரண்டும் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றி.

போன வருடம் மகளின் வீட்டில் ஒரு விருந்து. மருமகனின் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். நான் கிளாக்கரோடு சேர்த்து முழுக் கதையையும் எடுத்துவிட்டேன். சபை குலுங்கிச் சிரித்தது. அவர் மட்டும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். வீட்டுக்கு வந்து நான்கு நாள் "ம்" தவிர வேறு பேச்சில்லை. ஐந்தாம் நாள் காலையில், சப்பாத்துக்கு பாலிஷ் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"இத்தனை பேருக்கு முன்னால என்னையப் பொய்க்காரனாக்கிட்டியே டீச்சர்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அந்த வார்த்தை சுட்டது. முப்பத்துநான்கு வருடம் நான் விளையாட்டு என்று நினைத்துச் சொன்னதை, அந்த மனிதர் எத்தனை வருடமாக விளையாட்டாகக் கேட்கவில்லையோ! மன்னிப்புக் கேட்டேன். "சரி சரி" என்றார். அது சரி இல்லை என்று எனக்கும் தெரியும்.

அப்போதுதான் மகள் போனில் ஒரு நோட்டீஸ் அனுப்பினாள். பதுளையில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை, பழைய இசைத்தட்டுச் சந்தை. கொழும்பு, கண்டி, பண்டாரவளையிலிருந்தெல்லாம் வியாபாரிகள் வருகிறார்களாம்.

"வாங்க, அந்த ரெக்கோட்டையே தேடி எடுத்துட்டு வருவோம்" என்றேன்.

"எடுத்து?"

"எடுத்து என்ன, வீட்டுல வச்சிப் போட்டுக் கேப்போம்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு வெளியே போய்விட்டார். ஆனால் சனிக்கிழமை மாலை தானே ஷர்ட்டை அயன் பண்ணி மாட்டி வைத்திருந்தார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

மண்டபத்துக்குள் நுழைந்தால் திருவிழாதான் போங்கள். நீள மேசைகளில் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக இசைத்தட்டுகள். கறுப்பு டீஷர்ட் போட்ட இளைஞர்கள் இரண்டு விரலால் பட்பட்டென்று தள்ளிப் பார்க்கிறார்கள், பேங்க்கில் நோட்டு எண்ணுகிறவர்கூட அந்த வேகத்தில் எண்ண மாட்டார். ஒரு பெரியவர் தட்டை எடுத்து, முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோலச் சரித்துச் சரித்துப் பார்க்கிறார். ஒரு மூலையில் சிங்களத்து பைலாக் குத்துப்பாட்டு, இன்னொரு மூலையில் இங்கிலீஷ் பாட்டு, நடுவில் ரோல்ஸ் பொரிக்கிற வாசனை. எனக்கு ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. எனக்கு வேண்டியது என்ன என்பதே மறந்து, மேசை மேசையாக மேய்ந்தேன்.

ஒரு பெட்டியில் முருகன் படம் போட்ட அட்டை வந்தது. எங்கள் பக்கத்தில் இந்த அட்டைகளை வெட்டிச் சட்டம் போட்டு சாமி மாடத்தில் வைத்துவிடுவார்கள், இசைத்தட்டு பாவம் பேப்பரில் சுற்றிக் கிடக்கும். இது தப்பித்து வந்திருக்கிறது. என்னை அறியாமல் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பக்கத்தில் தொப்பி போட்ட சிங்களத் தம்பி ஒருவர் என்னையே பார்த்தார். இசைத்தட்டு வாங்குகிற முறை அதுதான் என்று நினைத்தாரோ என்னவோ, தன் கையிலிருந்த பைலாத் தட்டை அவரும் எடுத்து மரியாதையாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் சிரிப்பை அடக்க ரோல்ஸ் பக்கம் போக வேண்டியதாயிற்று.

திரும்பி வந்தால், என் வீட்டுக்காரர் ஒரு தமிழ் மேசைக்கு முன்னால் திகைத்து நிற்கிறார். பண்டாரவளைக் கடைக்கார முஸ்லிம் அண்ணன் ஒருவர், எங்கள் பக்கத்தில் நானா என்போம், நாற்பது வயதிருக்கும், சிரித்த முகம், "படத்துப் பேராவது சொல்லுங்க அண்ணன்" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார். இவருக்குப் படத்தின் பேரும் தெரியாது, பாடியவர் பேரும் தெரியாது. அட்டையில் மஞ்சள் சேலை கட்டின பெண், கையில் சைக்கிள். அன்றைக்குச் செட்டுக்காரரிடம் அந்த அட்டையைக் கையால் காட்டித்தான் துண்டைக் கொடுத்தாராம், அவ்வளவுதான் தெரியும்.

"அப்ப பாடிக் காட்டுங்க" என்றார் நானா.

நான் நினைத்தேன், இதோ வெளியே நடக்கப்போகிறார் என்று. கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டாலே கூச்சப்படுகிற மனிதர். ஆனால் அவர் தொண்டையைச் செருமி, அத்தனை சனத்துக்கு நடுவில், கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ஆண் பகுதியையும் பாடினார், குரலை மெலிசாக்கிப் பெண் பகுதியையும் பாடினார். சுருதி எங்கேயோ போனது. பக்கத்து மேசைக்காரர் பைலாவை நிறுத்திவிட்டுக் கேட்டார். இவருக்கு இது இவ்வளவு முக்கியமா என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நானாவுக்குப் பாட்டுத் தெரியவில்லை. ஆனால் மனம் இளகிவிட்டது. "அண்ணன், மேசைக்கு அடியில மூணு பெட்டி இருக்கு. பசறையில ஒரு பழைய ரேடியோ செட்டு வீட்டுல இருந்து போன மாசம்தான் எடுத்தேன். இன்னும் நானே பிரிச்சுப் பாக்கல. ஒக்காந்து பாருங்க" என்று இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளையும் இழுத்துப் போட்டார்.

முதல் அட்டையை எடுத்ததும் இவர் என் கையைப் பிடித்தார். அட்டையின் மூலையில் பச்சை மையில் சின்னதாக ஒரு வேல் வரைந்திருந்தது.

"இது அன்னைக்குத் திருவிழாவுக்கு வந்தவரு செட்டுதான். எல்லா அட்டையிலயும் இப்பிடி வேல் போட்டு வச்சிருப்பாரு. ஸ்டோர்ல இருந்து ஒயர் இழுத்துக் குடுத்ததே நான்தானே, பக்கத்துல ஒக்காந்து பாத்திருக்கேன்."

ஐந்தாவது அட்டையைச் சரித்தபோது ஒரு துண்டுக் காகிதம் விழுந்தது. நான் வாசித்தேன்: "மூன்றாம் லயத்து மாமாவுக்கு. உங்கள் ஆடு எங்கள் தோட்டத்தில் மேய்கிறது. பாட்டு செட்டுக்காரர் விருப்பம்." எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. நானாவும் வந்து வாசித்துவிட்டு, "ஆட்டுக்கும் பாட்டா!" என்று மேசையைப் பிடித்துக்கொண்டார். இவர் மட்டும் சிரிக்கவில்லை. துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்படிங்க உள்ள வந்துச்சு?" என்று கேட்டேன்.

"துண்டை வாங்குன ஒடனே அவரு அந்த ரெக்கோட்டைத் தேடி எடுத்து, துண்டை அட்டைக்குள்ள சொருகி, வரிசையா அடுக்கிருவாரு. முறை வந்தா துண்டை எடுத்து மைக்குல வாசிப்பாரு. வாசிச்ச துண்டைப் பக்கத்துல ஒரு கம்பியில குத்திப் போடுவாரு."

"அப்ப அட்டைக்குள்ள துண்டு இருந்தா?"

"அந்தப் பாட்டைப் போடலன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நான் கணக்கு டீச்சர், எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மஞ்சள் சேலை அட்டைக்குள் ஒன்றும் இல்லாவிட்டால் சண்டை அப்படியே கிடக்கும், சாகிறவரைக்கும் கிடக்கும். அவருடைய துண்டு உள்ளே இருந்தால், அவர் சொன்னதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. வாழ்க்கையில் முதல் தடவையாக, மாரியம்மா, இந்த ஆள் சொன்னது உண்மையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

முதல் பெட்டியில் இல்லை. இரண்டாவதில் இல்லை. நானா எங்களுக்கு பிளேன்டீ வாங்கி வந்து வைத்தார், அது ஆறிப்போனது. மூன்றாவது பெட்டியின் அடியில், ஈரத்தில் ஊதிப்போய், மஞ்சள் சேலை. கையில் சைக்கிள். மூலையில் பச்சை வேல்.

அவர் அதை எடுத்தார். திறக்கவில்லை. என் மடியில் வைத்தார்.

"நீயே பாரு டீச்சர்."

தட்டை வெளியே எடுத்தேன். அட்டையைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒன்றும் விழவில்லை. அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். விடுவேனா? அட்டையை வாய் பிளந்து வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தேன். உள்பக்கத்தில், ஈரத்தில் ஒட்டிப்போய், ஏதோ நாலு மூலையாகத் தெரிந்தது. கொண்டை ஊசியை எடுத்து, ஊதி ஊதி, மெல்ல மெல்ல நெம்பினேன். வந்தது. தேயிலைப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபலில் பாதி. ஸ்டோரில் வேலை செய்கிறவரைத் தவிர வேறு யாரிடமும் அது இருக்காது. பின்பக்கம் பென்சில் எழுத்து. முப்பத்துநான்கு வருடமாக என் வீட்டுக் கடைச் சிட்டைகளில் நான் பார்த்து வருகிற அதே சாய்ந்த எழுத்து:

"ஏழாம் லயத்து டீச்சருக்கு. கொஞ்சம் சத்தமாகப் போடவும். பேர் வேண்டாம்."

நான் அழுதுவிட்டேன். சிரித்துக்கொண்டேதான் அழுதேன், ஆனால் அழுதேன். அவரிடம் நீட்டினேன். அவர் வாசித்தார், இன்னொரு தடவை வாசித்தார்.

"பாத்தியா?" என்றார். முப்பத்துநான்கு வருடச் சண்டைக்கு அவர் எடுத்துக்கொண்ட வெற்றி அந்த ஒரு வார்த்தைதான்.

"பாத்தேங்க. நான்தான் தப்பு. பொய் சொன்ன ஆள் நீங்க இல்ல" என்றேன். நானாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் முகம் மாறியது. "அப்ப இதைப் போடவே இல்லையா?" என்றார். அன்றைக்கு அவர் ரோலர் சத்தத்துக்குள் நின்றிருக்கிறார். கூட்டாளிமார் ஓடிவந்து, டீச்சருக்குப் பாட்டுப் போட்டாச்சு என்று சொன்னார்களாம். யார் கொடுத்தாலும் பேர் இல்லாத அன்பர்தானே, தன் துண்டுதான் என்று நம்பிவிட்டார். அதற்குள் சாமி ஊர்வலம் திரும்பி வந்திருக்கும். சாமி வந்துவிட்டால், திருவிழா முடியும்வரை செட்டுக்காரர் சாமிப் பாட்டைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார். இவருடைய தட்டு வரிசையில் நின்றபடியே பசறைக்குத் திரும்பிப் போய்விட்டது.

அப்படியென்றால் அந்த வீணைப் பாட்டை எனக்குக் கொடுத்தது யார்? எங்களுக்குத் தெரியாது. கிளாக்கராக இருக்காது, அவருக்குக் கூரை ஒழுகுகிற கவலையே போதும். யாராக இருந்தாலும் அந்தப் புண்ணியவான் பேரன் பேத்தியோடு நன்றாக இருக்கட்டும். வாயைத் திறந்து வந்து நின்றவர் இவர்தான்.

நான் எழுந்து நானாவிடம் போனேன். "இதை இப்பவே போடணும். மைக் எங்க இருக்கு?"

வெளியே குறுக்கே நிறுத்திய வேன்களை எடுக்கச் சொல்லிக் கூப்பிட ஒரு மைக் வைத்திருந்தார்கள். நானா போய் என்ன சொன்னாரோ, அதை வாங்கிக்கொண்டு வந்தார். தட்டைத் துடைத்துத் தன் பிளேயரில் வைத்தார். துண்டைக் கையில் எடுத்து வாசித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பேர் வேண்டாம்னு எழுதியிருக்கே அண்ணன். பேர் குறிப்பிட விரும்பாதவர்னே வாசிச்சிரட்டுமா?"

என் வீட்டுக்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். என்னை ஒரு தடவை பார்த்தார்.

"இல்ல நானா. பேரைச் சொல்லியே போடுங்க."

நானா அவருடைய முழுப் பேரையும், அப்பா பேரோடு சேர்த்து, பழைய செட்டுக்காரர் மாதிரியே இழுத்து இழுத்து மைக்கில் வாசித்தார். ஏழாம் லயத்து டீச்சருக்காக என்றார். மண்டபம் திரும்பிப் பார்த்தது. பைலாத் தம்பி விஷயம் என்னவென்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, தொப்பியைக் கழற்றி ஆட்டி விசிலடித்தார். கைதட்டினார்கள். எனக்கு ஐம்பத்தாறு வயது. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

பாட்டு வந்தது. கரகரவென்று வந்தது. உண்மையைச் சொன்னால் நல்ல பாட்டே இல்லை. பத்து வயலின் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடியது, ஆண் குரலுக்குச் சளி, பெண் குரலுக்கு அவசரம். வீணைப் பாட்டின் கால் தூசிக்குப் பெறாது. அவர் என் பக்கத்துக் கதிரையில் நுனியில் உட்கார்ந்து, ஊசி கடைசி வரிக்கு வரும்வரை அசையாமல் கேட்டார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"எப்பிடி?"

"அன்னைக்கே இது என் காதுல விழுந்திருந்தா, நானே ஸ்டோருக்கு ஓடி வந்திருப்பேன்" என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ரோலர் பக்கத்து இளைஞர் அப்படியே அங்கே உட்கார்ந்திருந்தார்.

"இன்னொருக்கா போடச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க" என்றேன்.